பொடி தூவிய பட்டறை

செட்டிகுளத்தில் லாரி வந்து நின்றபோது மணி பதினொன்று. ஐந்தே நிமிடத்தில் பின்னால் ஒரு ஜீப்பும்.

தர்மன் லாரியை விட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்தான். அறுவடை செய்து, காற்றாடக் கீற்று வேய்ந்த பட்டறையில் மூன்று மாதமாகக் காத்துக் கிடந்த சின்ன வெங்காயம். இன்றைக்கு ஏறினால் நல்ல விலை. ஏறாமல் ஒரு மழை பிடித்தால் அத்தனையும் முளைத்துவிடும்.

ஜீப்பிலிருந்து இறங்கியவள் கலையரசி, உணவுப் பாதுகாப்பு அலுவலர். நேராகப் பட்டறைக்குப் போய் வெங்காயத்தைத் தொட்டாள். விரலில் வெள்ளைப் பொடி.

“இது என்னண்ணே?”

“அழுகாம இருக்கத் தூவுறதுங்க மேடம். வெளியூர்க்காரன் குடுத்தான்.”

“பாக்கெட்ல பேரே இல்ல. லேப் முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் ஏத்தக் கூடாது.”

“இதத் தின்னு எவனாச்சும் செத்தானா? ஆதாரம் காட்டுங்க, நானே குழி வெட்டிக் கொட்டிடறேன்!”

“கெடுதல்னு எங்கிட்ட ஆதாரம் இல்லதான். கெடுதல் இல்லன்னு உங்ககிட்ட இருக்கா?”

“ஏன் இல்ல? வூட்டுக்கு வாங்க. தெனமும் இந்த வெங்காயந்தான் தின்னுறோம். கல்லாட்டம் இருக்கோம் பாருங்க!”

தர்மன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் மனைவி பொன்னுத்தாய் இருவருக்கும் இலையில் சோறு போட்டு வெங்காயச் சாம்பாரை ஊற்றினாள். கலையரசியின் கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

“பயப்படாமச் சாப்பிடும்மா” என்றாள் பொன்னுத்தாய். “அந்தக் கருமம் புடிச்ச பொடி இதுல கெடையாது. வூட்டுக்குன்னு ரெண்டு கூடை தனியா எடுத்து வச்சிட்டுத்தான இவுக பொடியவே தூவுனாக.”

தர்மனுக்குப் புரையேறியது. வருஷா வருஷம் செய்கிற காரியம். கை பாட்டுக்குச் செய்துவிட்டது, மனசுக்கு ஞாபகமே இல்லை.

“ஏண்ணே தனியா வச்சீங்க?”

“சும்மாதான் மேடம். எதுக்கும் இருக்கட்டுமேன்னு.”

“எவனாச்சும் செத்தானா?”

“இல்லீங்க.”

“ஆதாரம்?”

“சாம்பார் ஆறுது, சாப்பிடுங்க மேடம்.”

கலையரசி சிரித்துக்கொண்டே பிசைய ஆரம்பித்தாள். வெளியே லாரி ஹாரன் அலறியது. தர்மன் எழுந்து போனான்.

“என்னண்ணே, சரக்கு கெட்டுப்போச்சா?” என்றார் டிரைவர்.

“தெரியல.”

“தெரியலன்னா ஏத்த வேண்டியதுதான?”

தர்மன் திரும்பிப் பார்த்தான். உள்ளே மேடம் இரண்டாம் முறை சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரியலப்பா. அதான் ஏத்தல. பத்து நாள் கழிச்சு வா.”