பின்னால் வரும் துப்பாக்கி

அப்துல் ஹமீத் சாய்பு யாரையும் நம்ப மாட்டார். ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அவரைப் பற்றி இது ஊரறிந்த சங்கதி. தோல் விற்க வருகிறவன் உப்பை அப்பி எடையைக் கூட்டுகிறான் என்பார். தோல் பதனிட ஆவாரம் பட்டை கொண்டு வருகிறவன் மூட்டைக்கு நடுவில் கண்ட பட்டையையும் திணிக்கிறான் என்பார். இதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. பாதி உண்மையாகப் போனால், மீதியையும் அடித்துச் சொல்ல மனிதனுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது.

அவர் நம்பியது ஒன்றே ஒன்று. அது குழல் அளவை வைத்து ‘ஐந்நூறு’ என்று அழைக்கப்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது விற்றது. காட்டெருமையை நின்ற இடத்தில் உட்கார வைக்கும். குழலும் இரண்டு, விசையும் இரண்டு. வலது குண்டு சரியாகப் படாவிட்டாலும், மிருகம் மேலே விழுவதற்குள் இடது குண்டு இருக்கிறது. புலிக்கு எதிரில் நிற்கிறவனுக்கு அந்த இரண்டாவது குண்டுதான் ஆயுள். இரண்டும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் பின்னால் இன்னொரு ஆள் இன்னொரு துப்பாக்கியோடு வருவான்.

அந்த ஆள் கன்னியப்பன். பேரணாம்பட்டு மலையடிவாரத்துக்காரன். சாய்பின் பழைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவன் வேலை. அதுவும் இரட்டைக்குழல்தான், ஐந்நூறை விடப் பருத்தது, சுத்தியல் போல இரண்டு குதிரை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் காலத்துச் சாமான். சாய்பு தன் கையால் தோட்டா போட்டுக் கொடுப்பார். கன்னியப்பன் அதைத் திறந்து பார்ப்பதில்லை. புலி படுத்திருக்கும் இடத்தில் துப்பாக்கியைத் திறந்து மூடினால் சத்தம் கேட்கும் என்பது ஒரு காரணம். எஜமான் போட்டுக் கொடுத்ததைச் சோதிப்பது மரியாதை இல்லை என்பது அவனாக வைத்துக்கொண்ட இன்னொரு காரணம்.

வினை தொடங்கியது ஒரு பரண் மேல். மாடு அடித்துக்கொண்டிருந்த புலி ஒன்று, அடித்த மாட்டைத் தின்ன அந்தி வெளிச்சத்தில் திரும்பி வந்தது. சாய்பு வலது குழலைச் சுட்டார். குண்டு தோளுக்குக் கீழே பட்டது. இடது குண்டு மண்ணில் போயிற்று. மறுபடி தோட்டா போடத் துப்பாக்கியைத் திறந்தால், சுட்ட தோட்டாக்களின் கூடு இரண்டும் குழலை விட்டு வர மறுத்தன. கன்னியப்பன் கத்தி முனையால் நெம்பி எடுப்பதற்குள் புலி நொண்டிக்கொண்டே ஓடைக்குள் இறங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், பெல்ட்டில் மிச்சமிருந்த தோட்டாக்களில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. எவனோ எதையோ தடவியிருக்கிறான் என்று சாய்பு அந்த நிமிஷமே முடிவு கட்டினார். எவன் என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டைப் பரண் வரைக்கும் சுமந்து வந்தவன் கன்னியப்பன். போன மாசம் பட்டை திருடினான் என்று அவர் வேலையை விட்டு நிறுத்திய வேலு, இந்தக் கன்னியப்பனின் கூடப் பிறந்த தம்பி. சந்தேகப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

காலையில் கன்னியப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தோட்டாவ யாருடா தொட்டது?"

"நான் தொடல சாய்பு. பெல்ட்ட தூக்கினு வந்தேன், அவ்ளோதான்."

"வேலு இன்னா சொல்லி அனுப்பினான்?"

"அவன் இன்னா சொல்லுவான் சாய்பு. வேல இல்லாம குந்தினு இருக்கான்."

அவன் கோபப்பட்டிருந்தால் திமிர் என்றிருப்பார். அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார். கன்னியப்பன் சும்மா நின்றான். சும்மா நிற்கிறவன் அழுத்தக்காரன் என்று சாய்பு எடுத்துக்கொண்டார். அவரிடம் தப்பிக்க நான்காவது வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் மனைவி நசீமுன்னிசா அன்று மத்தியானம் அலமாரியைத் திறந்தபோது பெல்ட்டைப் பார்த்தாள். அவருடைய மண்டித் தோலில் அவரே முன்னால் நின்று தைக்கச் சொன்ன பெல்ட். அவள் ஒரு தோட்டாவை உருவி நகத்தால் சுரண்டிவிட்டுக் கணவரிடம் கொண்டு வந்தாள்.

"இது யாரும் தடவுனது இல்லீங்க. களிம்பு. பித்தள சொம்புல புளி கரைச்சு வெச்சா ஏறுமே, அதேதான். தோல்ல பட்டச் சாறு ஊறிக் கெடக்குது. அதுக்குள்ள மாசக்கணக்கா சொருகி வெச்சா வேற இன்னா ஆவும்?"

சாய்பு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கன்னியப்பன் பொண்டாட்டி இங்க வந்துட்டுப் போனாளா?"

"எதுக்கு?"

"அவனுக்கு ஜாஸ்தி பரிஞ்சு பேசறயே."

"உங்களோட ஒரே பேஜாருங்க," என்று தோட்டாவை அவர் கையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் போன பிறகு சாய்பு பெட்டியில் இருந்த தோட்டாக்களை எடுத்துப் பார்த்தார். பெட்டியில் இருந்ததெல்லாம் பளபளவென்று இருந்தது. பெல்ட்டில் சொருகியிருந்தது மட்டும் பச்சை. மனைவி சொன்னது சரிதான் என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கன்னியப்பனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. களிம்பு தானாக ஏறியது என்றே வைத்துக்கொண்டாலும், தம்பியை விரட்டியவர் மேல் அண்ணனுக்கு வன்மம் இல்லாமலா இருக்கும் என்று மனசு வேறு பக்கம் போயிற்று. சந்தேகத்துக்கு ஒரு காரணம் செத்தால் இன்னொன்று பிறந்துவிடும். அதற்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

இரண்டொரு நாளில் மலையடிவாரத்து ஜனங்கள் மண்டி வாசலில் வந்து நின்றார்கள். காயம்பட்ட புலி, சுள்ளி பொறுக்கப் போன பூங்காவனம் என்கிற பெண்ணைக் கொன்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவன் நிதானமாகவே சொன்னான்.

"காயம் பண்ணது நீங்க. முடிக்கறதும் நீங்கதான் சாய்பு."

வேட்டைக்காரர்களிடையே அதுதான் சட்டம். அடிபட்ட புலியை விட்டுவிட்டு வருகிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். சாய்புக்குப் பயம் இருந்தது, ஆனாலும் கிளம்பினார். ஊர் அவரைப் பற்றி என்ன சொன்னாலும், கோழை என்று யாரும் சொன்னதில்லை.

ஓடைக்கு மேலே வண்டி நின்றது. அவிழ்த்துவிட்ட மாடுகள் மிரண்டு மிரண்டு பார்த்தன. கன்னியப்பன் மண்ணில் குனிந்து தடம் தேடிக்கொண்டிருந்தான். வண்டி மறைவில் சாய்பு ஐந்நூறுக்கு, துடைத்துச் சுத்தம் செய்த இரண்டு தோட்டாக்களைப் போட்டார். பிறகு பழைய துப்பாக்கியைத் திறந்தார். அதற்கான இரண்டு தோட்டாக்களும் உள்ளங்கையில் இருந்தன.

இரண்டு பக்கமும் உண்ணிச்செடி மண்டிய குறுகலான ஓடை. முன்னால் இவர். இவர் முதுகுக்கு நேராக, யானையும் தாங்காத குண்டு இரண்டோடு வேலுவின் அண்ணன். கை தவறி வெடித்துவிட்டது என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள். அந்த நினைப்பு வந்ததும் தோட்டாக்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் துப்பாக்கியைச் சத்தம் கேட்கும்படி மூடினார். எப்போதும் சொல்கிற பிஸ்மில்லா அன்று வாயில் வரவில்லை.

"இந்தாடா."

கன்னியப்பன் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஓடைக்குள் இறங்கினார்கள். பின்னால் கன்னியப்பனின் காலடி மெத்து மெத்தென்று வந்தது. முதலில் சாய்புக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அந்த நிம்மதி கசந்தது. தன்னிடம் இருக்கிற இரண்டு குண்டைத் தவிர இந்த ஓடையில் வேறு குண்டே இல்லை. பின்னால் வருகிறவன் ஒரு தடியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அது அவனுக்குத் தெரியாது. நின்று தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று தவித்தார். என்னவென்று சொல்லிப் போடுவது? சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று நடந்தார்.

புலி பக்கவாட்டிலிருந்து வந்தது. உறுமல்தான் முதலில் கேட்டது. செடி அசைந்தது அப்புறம்தான் தெரிந்தது. சாய்பு திரும்பி வலது விசையை அழுத்தினார். குண்டு நெஞ்சில் பட்டும் அது நிற்கவில்லை. அவர் பின்வாங்கிக் கல் தடுக்கி உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பன் ஓடவில்லை. அவரைத் தாண்டி முன்னால் வந்து நின்று, துப்பாக்கியைத் தோளில் அணைத்து விசையை இழுத்தான். டக் என்றது. இரண்டாவதை இழுத்தான். அதுவும் டக் என்றது.

அப்போதும் அவன் நகரவில்லை. துப்பாக்கியைக் குறுக்கே பிடித்துப் புலியின் வாய்க்குக் கொடுத்தான். புலி அதைத் தட்டிவிட்டு அவன் இடது கையைக் கவ்வியது. சாய்பு உட்கார்ந்தபடியே குழலை அதன் காதருகே வைத்து இடது விசையை அழுத்தினார். புலி கன்னியப்பனின் காலடியில் சரிந்தது.

சாய்பு தட்டுத்தடுமாறி எழுந்தார். ஜோடிப் புலி இருந்தாலும் இருக்கும் என்று ஐந்நூறில் புதிதாக இரண்டு தோட்டா போட்டுக்கொண்டு, தலைப்பாகையைக் கிழித்துக் கன்னியப்பனின் கையில் சுற்றினார். கட்டுக்கு மேலே ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கன்னியப்பன் கீழே கிடந்த பழைய துப்பாக்கியை நல்ல கையால் மடிக்கு இழுத்துத் திறந்தான். இரண்டு குழலிலும் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"போட மறந்துட்டீங்களா சாய்பு?"

"ஆமாண்டா. மறந்துட்டேன்."

"இத்தன வருசத்துல ஒரு நாளும் மறந்தது இல்லயே."

சாய்பு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எந்திரி. வண்டிக்குப் போவலாம். நீ முன்னால நட. நான் துப்பாக்கியோட பின்னால வர்றேன்."

கன்னியப்பன் எழுந்திருக்கவில்லை. அவரையும் அவர் கையிலிருந்த ஐந்நூறையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை சாய்புக்கு மிகவும் பழக்கப்பட்ட பார்வை. ஆனால் அது வேறொருவன் கண்ணிலிருந்து தன் மேல் விழுவதை அவர் அன்றுதான் கண்டார்.

"தம்பிய வெளிய தள்ளினீங்க," என்றான். "என்னய வெறும் துப்பாக்கியோட புலிக்கு முன்னால வுட்டீங்க. இப்ப தோட்டா போட்டுனு என் பின்னால வர்றேன்றீங்க."

"உன்னக் கொல்லணும்னு நான் நெனைக்கலடா. அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"நானும்தான் தோட்டாவ தொடலன்னு சொன்னேன்."

உன்னிடம் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்பதைத் தவிர சாய்பிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அதைச் சொன்னால் இன்னும் கேவலம். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தோட்டாவ எடுங்க சாய்பு. எடுத்துட்டு நீங்க முன்னால நடங்க."

அவர் ஐந்நூறைத் திறந்தார். இரண்டு தோட்டாக்களும் மணலில் விழுந்தன. குழலை அவன் பக்கம் நீட்டிக் காட்டினார். கன்னியப்பன் எட்டிப் பார்த்தான். ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தாமல், இரண்டையும் பார்த்தான். பிறகுதான் எழுந்தான்.

ஓடையின் ஏற்றத்தில் சாய்பு முன்னால் நடந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. பின்னால் வருகிறவனிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும், வண்டி வரைக்கும் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.