தாம்பூலத்தோடு ஒரு துப்பாக்கி

என் அப்பா தங்கராஜு புலி சுட்ட பரம்பரை. சுட்டது அவர் இல்லை, அவருடைய அப்பா. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்த தாத்தா, துரை கொடுத்த வேட்டைத் துப்பாக்கியால் ஒரு புலியைச் சுட்டாராம். எனக்கு ஆறு வயதில் அது ஒரு புலி. நான் பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் தேர்வு எழுதிய வருடம் மூன்று. போன வருடம் குவீன்ஸ்டவுன் காப்பிக்கடையில் அப்பா யாரிடமோ அளந்துகொண்டிருந்தபோது காதில் விழுந்தது, ஏழு. செத்துப்போன மனிதர் எப்படித்தான் இன்னும் சுட்டுக்கொண்டே இருக்கிறாரோ தெரியவில்லை.

அப்பா எதையும் சுட்டதில்லை. துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் கரப்பான் பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா துடைப்பத்தோடு வருவாள். வேட்டை முடிந்ததும் கீழே இறங்கி, "நானே அடிச்சிருப்பேன், நீ அவசரப்பட்டுட்டே" என்பார்.

ஆனால் துப்பாக்கி நிஜம். தாத்தா அதை ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே மறைத்து லாரியில் ஜொகூர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தார். லைசென்ஸ் கிடையாது. சாமி அலமாரிக்கு மேலே, பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூசைக்கு, கீழே இறங்கும். அப்பா ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு அதைக் குளிப்பாட்டுவார். பால், பன்னீர், பிறகு தலை முதல் கால்வரை சந்தனம், குங்குமம். எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டிய இரும்புக்கு நாற்பது வருடமாக அபிஷேகம். குழாய்க்குள் சந்தனம் காய்ந்து அடைத்துவிட்டது. விசை துருப்பிடித்து அசையாது. அதை வைத்து ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது. இந்தச் சமாதானத்தை இந்த ஊர்ப் போலீஸிடம் போய்ச் சொல்ல முடியுமா என்ன?

அதைப் பெண்கள் தொடக்கூடாது. பத்து வயதில் நான் ஒரு முறை தொட்டேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "இது வெங்கட்டுக்கு" என்றார் அப்பா. வெங்கட் என் தம்பி. அப்போது அவனுக்கு மூன்று வயது, மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தான்.

இந்த வருட ஆயுத பூசையன்று காலையில் அப்பா போன் செய்தார். "லிட்டில் இந்தியாவுக்கு ஒரு மணிக்கு வாம்மா. தனியா வா." குவீன்ஸ்டவுனில் அவருடைய பழைய அடுக்குமாடி பிளாக்கை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசியில் சிராங்கூனில் வெங்கட்டின் காண்டோ வீட்டுக்குக் குடிபோகிறார். அது சம்பந்தமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் ஆங் மோ கியோவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சிராங்கூன் ரோட்டில் தீபாவளி அலங்கார வளைவுகள் கட்டியிருந்தார்கள். கடை வாசல்களில் பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று. அப்பா சொன்ன சைவ உணவகம் நிரம்பி வழிந்தது. தெரியாதவர்கள் ஒரே மேஜையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூலை மேஜையில் அப்பா வேட்டி சட்டையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து வைத்த பாய்ச்சுருள்.

"அப்பா, அது..."

"டாக்ஸியிலதான்மா வந்தேன். டிரைவர் பாயான்னு கேட்டான், பாய்னு சொன்னேன்." தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிச் சிரித்தார்.

மேஜையில் ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, ஒரு ரவிக்கைத் துணி. சர்வரைக் கூப்பிட்டுத் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, பாயின் வாயைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே தெரிந்த குழாய் நுனியில் குங்குமம் வைத்தார். தட்டோடு பாயையும் தூக்கி என் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"ஆயுத பூசை நாள்ல ஆயுதம் கை மாறணும். நம்ம குடும்பத்துச் சொத்து. இனிமே இது உனக்குத்தான், தாரணி."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் வைத்திருந்தால் சிறைதான் என்று தெரியும். என் மகள் சிவானி இந்த மாதம் ஓ லெவல் எழுதுகிறாள், அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும் ஒரு நிமிடம் அந்தப் பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நாற்பத்து நான்கு வயதில் அப்பா என்னைப் பிள்ளையாக எண்ணிவிட்டார் என்று ஒரு பூரிப்பு. இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாளா?

சாப்பாடு வந்தது. சாம்பாரைப் பிசைந்துகொண்டே அப்பா அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான் இரண்டாவது கவளத்தை எடுப்பதற்குள் வெங்கட்டின் அழைப்பு என் போனுக்கு வந்தது.

"அக்கா, படத்தை டெலீட் பண்ணச் சொல்லுலா! யாராச்சும் பாத்தா என்ன ஆகும்? என் கம்பெனி செக்யூரிட்டி கிளியரன்ஸ் எல்லாம் போயிடும்."

"உனக்கு எதுக்குடா பயம்? எனக்குத்தானே குடுத்திருக்காரு."

"அதான் அக்கா, தேங்க்ஸ். நான்தான் கண்டிப்பா சொல்லிட்டேன், அந்தச் சனியன் என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு. சரி, அப்போ அக்காகிட்ட தள்ளிவிடறேன்னாரு."

போனை வைத்தேன். அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெங்கட் வேண்டாம்னு சொன்னதாலதான் எனக்கா?"

"அவனுக்கு வேலை முக்கியம்மா."

"எனக்கு வேலை இல்லையா? மாட்டினா நான் உள்ள போகணும்பா. சிவானியை யாரு பாப்பா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். நிறைய யோசித்து வைத்தவர் பேச்சு அது. "நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். இந்த ஊர்ச் சட்டத்துல பொம்பளைக்குப் பிரம்படி தண்டனை கிடையாது. வெங்கட் மாட்டினா அவனுக்கு அடி உண்டு. உனக்கு வெறும் ஜெயில்தான்."

வெறும் ஜெயில். எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை அப்படியே அவர் முகத்தில் கவிழ்த்திருப்பேன். கையைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

"ஐம்பது தாண்டினவங்களுக்கும் பிரம்படி கிடையாதுப்பா. உங்களுக்கு எழுபத்தாறு. நீங்களே வச்சுக்க வேண்டியதுதானே?"

மோரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "எனக்கு அந்த ஜெயில் சாப்பாடு ஒத்துக்காதும்மா."

ஏழு புலி. இந்த வயிற்றுக்காகத்தான் நாற்பது வருடம் எங்கள் வீட்டில் வீரம் பேசப்பட்டது. அம்மா துடைப்பத்தால் அடித்த கரப்பான்கள்தான் அந்தப் பரம்பரையில் விழுந்த கடைசி மிருகங்கள். அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. கோபம்கூட இறங்கி அருவருப்பு மட்டும் மிச்சமிருந்தது.

ஆனாலும் பெற்ற அப்பா. கடைசியாக ஒரு வழி கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"கேளுங்க. இப்பவே, இங்கேருந்தே நான் போலீஸைக் கூப்பிடுறேன். தாத்தாவோடது, பழசு, வீடு மாறுறதால நாங்களா ஒப்படைக்கிறோம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், இத்தனை நாள் என்கிட்ட இருந்துச்சுன்னு. வக்கீல் வைக்கிறேன். கூடவே நிக்கிறேன். சொல்வீங்களா?"

"போலீஸ் எதுக்கும்மா? ராத்திரி ஆத்துல போட்டுடலாம்."

"சொல்வீங்களா, மாட்டீங்களா? இல்லைனா நான் வேற மாதிரி சொல்லிக்கிறேன்."

அப்பா தலையை ஆட்டினார். "சொல்றேன்மா. என் பொருள், நான் சொல்ல மாட்டேனா?"

அதை நான் நம்பினேன். போனில் நிதானமாக விவரம் சொன்னேன். யாரையும் பதறவைக்க வேண்டாம், பழைய துப்பாக்கி, தோட்டா இல்லை, நான் மூலை மேஜையில் இருக்கிறேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்ல வைத்தார்கள். பிறகு பாயைச் சுவரோரம் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா பாயசத்தை முடித்தார்.

சில நிமிடங்களில் நான்கு போலீஸார் உள்ளே வந்தார்கள். இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். கை கழுவாமலேயே எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு பெண் அதிகாரி என்னிடம் வந்தாள். சட்டையில் அஃப்ரீன் என்று இருந்தது. பாயை விரிக்காமல் நுனியை மட்டும் விலக்கிப் பார்த்தாள். சந்தனம் உதிர்ந்தது.

"மேடம், நீங்கதானே கூப்பிட்டீங்க? இது யாரோடது?"

அவர் பதில் சொல்லட்டும் என்று நான் அப்பா பக்கம் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே போகும் கூட்டத்தோடு, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலை நெருங்கிவிட்டிருந்தார். அஃப்ரீனும் பார்த்துவிட்டாள். "அங்கிள், ஒரு நிமிஷம். நீங்க இந்த மேஜையிலதானே இருந்தீங்க?"

அப்பா நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டியபடி பேசினார்.

"வேற இடம் இல்லைன்னு உக்காந்தேன்லா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பாய் அந்தப் பொண்ணோடது."

"உங்களுக்கு அவங்களைத் தெரியாதா?"

"தெரியாது. யாருன்னே தெரியாது."

அவருடைய போனில் இன்னும் அந்தப் படம் இருக்கிறது, நான் தட்டும் பாயுமாக நிற்கிற படம். அதை மறந்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார். பொய் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும், அதுகூட அவரிடம் இல்லை. அவர் குரல் கீச்சென்று வந்தது.

"சரி அங்கிள். ரெண்டு பேரும் ஐசி குடுங்க."

என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அப்பா சட்டைப் பைகளில் எல்லாம் தேடினார். மெதுவாக, மறுபடி மறுபடி, கிடைக்காமல் போய்விடும் என்ற நம்பிக்கையோடு தேடினார். கடைசியில் இன்னொரு அதிகாரி கையை நீட்டியதும் பர்ஸிலிருந்து உருவிக் கொடுத்தார்.

அஃப்ரீன் முதலில் என்னுடையதைப் படித்தாள். வாய்விட்டு, பதிவு செய்பவளைப் போல. "தாரணி, டாட்டர் ஆஃப் தங்கராஜு." பிறகு அவருடையதைப் புரட்டிப் பார்த்தாள். "தங்கராஜு." கொஞ்ச நேரம் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்திருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும் அவளுக்கு. அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடம்," என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "இவர் உங்க அப்பாவா?"

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்னிடம் இருக்கிறது என்று போனில் சொன்னபோதுகூட எனக்குக் கூசவில்லை.

"ஆமா" என்றேன். இதைச் சொல்லத்தான் கூசியது.