மதியம் ஒரு மணி வரை நிரந்தரம்

என் பெயர் கிரேஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக கான்ட்ராக்ட். பேக்கிங்கில் என் கை படாத மூடி கிடையாது. ஆனால் கம்பெனி ரிஜிஸ்டரில் என் பெயர் கிடையாது. நிரந்தரம் ஆக வேண்டும், கழுத்தில் நீல அட்டை தொங்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் எச்.ஆர். அருணா மேடம் ஒரு தாளோடு வந்தார். ஐம்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும்.

"உங்க ஆளுமைய அஞ்சு குணமாப் பிரிச்சு அளக்கப் போறோம். ஏத்த குணம் இருக்கிறவங்க பர்மனென்ட்" என்றார்.

மூடியின் விட்டத்தை அளப்பதுபோல மனுஷ குணத்தையும் அளக்கிறார்களாம். அளக்கட்டும், எனக்கென்ன.

தாள் என்று வந்துவிட்டால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்கும்போதே செக்கிங் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுத்தான் மிஷினையே திரும்பிப் பார்ப்போம். பக்கத்து மேசை எட்வர்ட் அதில் கில்லாடி.

"இன்னாக்கா யோசிச்சிக்கினு கீற? அஞ்சுதான் ஃபுல் மார்க்கு. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டுப் போய்க்கினே இரு" என்றான்.

கான்ட்ராக்டில் இருந்த நாற்பத்தொரு பேரும் அப்படியே போட்டோம். சும்மா சொல்லக்கூடாது, அதில் பொய்யும் இல்லை. 'நான் அமைதியானவர்': ஐந்து. மாமியார் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்': ஐந்து. தண்ணி லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து அருணா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"அமைதி, கோபம்னு ஒரே ஆள் ரெண்டு கோடியிலயும் இருக்க முடியாது. அதனால உங்களுக்குள்ள ரெண்டு பேர் இருக்கீங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது. அமைதியான கிரேஸ் பர்மனென்ட். கோபக்கார கிரேஸ் கான்ட்ராக்ட்லயே இருக்கட்டும்."

மதியம் ஒரு மணி வரை நீல அட்டை, அதற்குமேல் கான்ட்ராக்டுக்கான மஞ்சள் அட்டை. காலையில் பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் சன்னலோரம் வருவேன். சாயந்திரம் ஷேர் ஆட்டோவில் பாதி உட்கார்ந்து, பாதி தொங்கிக்கொண்டு போவேன். நாற்பத்தொரு பேரும் எண்பத்திரண்டு ஆனோம். எட்வர்டின் சோம்பேறிப் பாதிக்கு மெமோ வந்தது. சுறுசுறுப்பான பாதி அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

மதியத்துக்குமேல் டார்கெட் எட்டுவதற்காக, மூடி ஓடிவரும் பெல்ட்டை வேகமாக ஓட விடுவார்கள். ஒருநாள் இரண்டு மணிக்கு, எதிரே நின்ற கங்கம்மாவின் கையுறை பெல்ட்டில் மாட்டி இழுத்தது. நான் போட்ட கத்தலில் ஆபரேட்டர் பதறிப்போய் பெல்ட்டை நிறுத்தினார். விரல் தப்பியது. ஆனால் வேலை அரைமணி நேரம் நின்றுபோனது.

மறுநாள் காலை அருணா மேடம் சொன்னார்: "நேத்து கலாட்டா பண்ண கிரேஸை வேலைய விட்டு எடுத்துட்டோம். அவங்க போட்டோவ கேட்டுல ஒட்டியாச்சு, உள்ள விட மாட்டாங்க."

"அப்ப நானு?"

"உங்க மேல ஒரு புகாரும் இல்லையே. இனிமே நாள் முழுக்க நீங்க பர்மனென்ட்தான்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது வருஷம்! கேட்டில் ஒட்டியிருந்த என் போட்டோவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன செய்வது, அவளுக்கு வாய் நீளம். அன்று மதியம் நீல அட்டையோடு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு பெல்ட் மறுபடி வேகம் எடுத்தது. கங்கம்மாவின் கையுறை மறுபடி மாட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அமைதியானவள், ஐந்துக்கு ஐந்து.

"பெல்ட்ட நிறுத்துடா!"

பெல்ட் நின்றது. கங்கம்மா கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அருணா மேடம் ஓடி வந்தார்.

"அவள யாரு உள்ள விட்டது?"

நான் நீல அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"நான்தான் மேடம்."