பெயர் வெட்டிய டம்ளர்

வந்திருந்தவர்கள்: பத்திரிகையைத் தானே அச்சடித்து, தானே ஆசிரியராகவும் இருந்த உக்கடம் யூனுஸ். இடம் கொடுத்த லட்சுமணசாமி. தட்டச்சுப் பயிலகம் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் வர மாட்டார்கள். வக்கீல் பிரவின்குமார், எந்த மேடையில் ஏறினாலும் அந்த மேடையின் கட்சி. கல்லூரி விரிவுரையாளர் கயல்விழி, கட்சி இல்லை, எல்லாக் கட்சி மேலும் கோபம் உண்டு. கதை எழுதிய தம்பிதுரை. கூப்பிடாமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். அவள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. தம்பிதுரைக்கு அது வசதியாகப் போயிற்று. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தான். கண் எரிந்தது. உறை போட்ட டைப்ரைட்டர்களுக்கு நடுவே இன்னொரு டைப்ரைட்டர் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கதை சின்னது. தோட்டத்து மாட்டுக்கொட்டகையின் கூரை இடுக்கில் ஒரு எவர்சில்வர் டம்ளர் செருகியிருக்கும். பண்ணையத்தில் வேலை செய்பவன் அதில்தான் தண்ணீரும் டீயும் குடிக்க வேண்டும். குடித்துக் கழுவி மறுபடி அங்கேயே செருகிவிட வேண்டும். அவ்வளவுதான். யூனுஸின் பத்திரிகையில் வந்தபோது நண்பர்கள் படித்தார்கள், மறந்தார்கள். பிறகு ஒரு வார இதழ் அதற்குப் பரிசு கொடுத்து, தம்பிதுரையின் போட்டோவோடு மறுபடி போட்டது. அதிலிருந்து மில் கேட்டில் வாட்ச்மேன்கூட எழுந்து நிற்கிறான்.

"எங்காளுக மேடைக்கு மேடை பேசறதைத்தானுங்க இவரு எழுதியிருக்கறாரு" என்றார் பிரவின்குமார். "வார்த்தைக்கு வார்த்தை அதே."

"மேடையில பேசிட்டு ஊட்டுக்குப் போயி எந்த டம்ளர்ல குடிக்கறாங்களாம் உங்காளுக?" என்றாள் கயல்விழி. "என்னோட கேள்வி வேற. அந்த மனுசன் கடைசியில டம்ளரைத் தூக்கி எறிஞ்சிருக்கோணும். ஏன் எறியலை?"

"எறிஞ்சா மறுநாளு எதுல குடிப்பானுங்க மேடம்?" என்றார் யூனுஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார். "எனக்கென்னமோ கதையில கொஞ்சம் மழை பெஞ்சிருந்தா நல்லாயிருக்கும்னு பட்டுது."

தம்பிதுரைக்குத் தலை சுற்றியது. மூன்று பேர் மூன்று கதை படித்திருக்கிறார்கள். தான் எழுதியது எது என்று அவனுக்கே இப்போது நிச்சயமில்லை. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டபோதும் இப்படித்தான். அப்பாவுக்கு ஒரு காரணம் சொன்னான், நண்பர்களுக்கு ஒன்று, தனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. யார் பக்கமும் நிற்காமல் எழுத வேண்டும் என்று இருந்தான். அப்படி எழுதினால் ஒவ்வொருத்தரும் உன்னைத் தங்கள் பக்கம் என்கிறார்கள். இதற்குப் பெயர் வெற்றி என்றால், வெற்றி பெற்றது யார்? அவனா, டம்ளரா? அவனுக்கு விளங்கவில்லை.

"ஏனுங்க" என்றாள் வாசற்படியில் இருந்தவள். "இதுல தம்பிதுரைங்கறது யாருங்க?"

விதியை மறந்து அவன் கையைத் தூக்கினான்.

"நீங்களாங்க? நான் பழனியாத்தாளுங்க. தொண்டாமுத்தூர்ல திருமலைசாமி பண்ணாடி தோட்டத்துல அங்கப்பன்னு ஒருத்தரு இருந்தாருல்லீங்க, அவரு சம்சாரம். பக்கத்தூட்டுப் புள்ளை உங்க கதையைப் படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தான் இருக்குதுங்க. அவரை வேலையை விட்டு நிறுத்திப்போட்டாங்க."

டைப்ரைட்டர் உறை ஒன்று மின்விசிறிக் காற்றில் படபடத்தது. லட்சுமணசாமி எழுந்து அதை இழுத்து மூடினார்.

தம்பிதுரை ஊரை மாற்றியிருந்தான். தோட்டத்தை மாற்றியிருந்தான். அங்கப்பனுக்கு வேறு பெயரும் வேறு வயசும் கொடுத்திருந்தான். டம்ளரில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டான்: 'ராமாமணி – அழகிரிசாமி, ஆனைமலை'. விசேஷத்துக்கு வருகிறவர்கள் பெயர் வெட்டிய பாத்திரம் கொடுக்காத வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. எத்தனையோ டம்ளர், எத்தனையோ பெயர், இது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். அந்த வரியில் தானாக ஒரு அழகு இருந்தது, அதையும் மறைப்பானேன்?

ராமாமணி திருமலைசாமியின் மகள். ஆனைமலையில் அழகிரிசாமிக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அப்பன் புது வீடு குடிபோனபோது டம்ளர் வரிசை கொடுத்தது அவள்தான். வார இதழை அவள் படித்தாள். படித்த அன்றே பஸ் ஏறி வந்தாள்.

"நாங்குடுத்த சீரு மாட்டுக்கொட்டாய்க்கான்னு கேட்டு அழுதுபோட்டு, மீதி டம்ளரையெல்லாம் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிருச்சுங்க அந்தம்மணி" என்றாள் பழனியாத்தாள். "வைகாசியில அந்தம்மணியோட தம்பிக்குக் கல்யாணம். ஊட்டுச் சங்கதியை வெளிய சொன்னவன் தோட்டத்துல இருக்கற வரைக்கும் இணைச்சீருக்கு வந்து உக்கார மாட்டேன்னு சொல்லிப்போட்டுதுங்க."

கூடப்பிறந்தவள் உட்கார்ந்து செய்யும் இணைச்சீர் நடக்காமல் அந்த வீடுகளில் மாப்பிள்ளை தாலி கட்டப் போக மாட்டான். அங்கப்பன் போனால்தான் கல்யாணம்.

"வன்கொடுமை கேசே போடலாமுங்க" என்று பிரவின்குமார் நிமிர்ந்தார்.

"கேசு வேண்டாமுங்க. நாங்க குடியிருக்கற ஓலைச் சாளையும் அவிய தோட்டத்துக்குள்ளதானுங்க இருக்குது. இவரு வந்து, அங்கப்பன் ஒண்ணுஞ் சொல்லலை, நானே கண்ணுல பாத்துத்தான் எழுதினேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அது உண்மையும்கூட. மில் லே-ஆப்பில் கிடந்தபோது மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொஞ்ச நாள் வேலை செய்தான். அந்தத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கொண்டுபோய் இறக்கியவன், தாகத்துக்குக் கூரை இடுக்கில் இருந்த டம்ளரை எடுத்தான். அங்கப்பன் பதறி அதைப் பிடுங்கிக்கொண்டு, பண்ணாடி வீட்டுக்கு ஓடி வேறு டம்ளர் வாங்கி வந்தார். பிடுங்கும் முன்பே இவன் எழுத்தைப் படித்துவிட்டிருந்தான்.

"நீயும் வாயேன்" என்றான் யூனுஸிடம்.

"நான் வந்தன்னா பேச்சு வேற பக்கம் போயிரும் மாப்ள. நீ மட்டும் போ."

பஸ்ஸில் பழனியாத்தாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவன் கடைசி சீட்டில். கயல்விழி கேட்டது நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் எறியவில்லை? எறிந்த மாதிரி எழுதியிருந்தால் கதை பொய். பெயரையும் பொய்யாக எழுதியிருந்தால் அங்கப்பனுக்கு வேலை இருந்திருக்கும். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் வரவில்லை.

இறங்கித் தென்னைக்கு நடுவே நடந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. திருமலைசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழனியாத்தாள் தொழுவத்துப் பக்கமே நின்றுவிட்டாள்.

"அட, எழுத்தாளருங்களா! வாங்க, வாங்க. போட்டோவுல கொஞ்சம் சதை இருந்துதுங்களே?" என்று எழுந்தார்.

"அங்கப்பன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. மோட்டார் எறக்க வந்தப்ப நானே பாத்தனுங்க."

"எழுதுனதுக்கு நான் சங்கடப்படலீங்க. எல்லாத் தோட்டத்துலயும் இருக்கறதுதானே? பேரை எதுக்குங்க போட்டீங்க? புள்ளை கேக்கறா, நாங்குடுத்ததுக்கு இதுதான் மருவாதையா அப்பான்னு. நான் என்னத்தைச் சொல்றது?"

தம்பிதுரை காத்திருந்தான். அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார், அந்த டம்ளரில் குடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று. வரவில்லை.

"அந்த டம்ளர் இப்ப எங்கீங்க?"

"நசுக்கிப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாச்சுங்க."

"அப்புறம் அங்கப்பன் எதுல குடிப்பாருங்க?"

"கொட்டாய்கிட்ட பைப்பு இருக்குதில்லீங்க?" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டார். "ஒரு காரியம் பண்ணுங்க. டம்ளர்ல பேரு ஒண்ணும் இல்லை, அது நானாச் சேத்ததுன்னு அந்தப் பத்திரிகைக்கே எழுதிப்போடுங்க. புள்ளைகிட்டக் காட்டிருவேன். அவ வந்து உக்காந்துக்குவா. அங்கப்பன் நாளைக்கே பால் பீச்ச வரட்டும். மத்ததெல்லாம் கதையில அப்படியே இருந்துட்டுப் போகுது, நல்லாத்தானே எழுதியிருக்கறீங்க!"

தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பழனியாத்தாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். சரி என்று சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்கிற ஆட்டம்.

தனியாக ஒரு டம்ளர் செருகி வைத்ததை யாரும் மறுக்கவில்லை. அது இருந்துவிட்டுப் போகலாம். அதற்குப் பரிசும் வாங்கிக்கொள்ளலாம். யார் வீட்டு டம்ளர் என்பது மட்டும் இருக்கக் கூடாது. இதில் தோற்பது யார் என்று யோசித்தான். அங்கப்பனுக்கு வேலை, ராமாமணிக்கு மரியாதை, தனக்குக் கதை. எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. பிறகு ஏன் வாய் கசக்கிறது?

"எழுதறனுங்க" என்றான்.

மலைப்பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. எங்கோ தகரம் தட்டினார்கள். திருமலைசாமி சட்டென்று நாற்காலியை மடக்கினார். "ஆனை எறங்கீருச்சாட்ட இருக்குது. போன மாசம் அரிசி வாசத்துக்குக் கதவையே முட்டிப்போட்டுதுங்க. உள்ள வாங்க, ராத்திரி இங்கயே சாப்புட்டுப் படுத்துக்கலாம். அப்பா என்னங்க பண்றாரு?"

"நெகமத்துல தோட்டம் இருந்துதுங்க. வித்துப்போட்டாரு."

"அதானே பாத்தேன்" என்று அவர் முகம் விரிந்தது. அவர் கேட்டது என்ன என்று தம்பிதுரைக்குத் தெரியும். தான் சொன்னது என்ன என்றும் தெரியும்.

"அந்தம்மா..."

"சாளை கூப்பிடுதூரந்தானுங்க. அவுங்களுக்கெல்லாம் பழக்கம்."

"நீங்க உள்ள போங்க சார்" என்றாள் பழனியாத்தாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னை வரிசைக்குள் இருட்டைப் பார்த்து நடந்தாள். மறுபடி வெடித்தது, இந்தமுறை கிட்டத்தில்.

அவளோடு போயிருக்கலாம். இரண்டு எட்டுதான். அவன் காலை உள்ளே வைத்துவிட்டிருந்தான். சமையலறையில் யாரோ டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. திருமலைசாமி அவன் முதுகுக்குப் பின்னால் இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் மாட்டிப் பூட்டினார்.