முந்திக்கொண்ட வரவேற்பு

எங்கள் பெரியப்பாவின் மன்றத்துக்கும் தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை மன்றத்தின் லெட்டர்பேடிலேயே அச்சடித்து வைத்திருந்தோம். ஊரில் வேறு எந்தச் சங்கமும், பூச்செடி வளர்ப்போர் சங்கம் உட்பட, இப்படி அச்சடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

வேலை சுலபம். இயக்கம் ஓர் அறிக்கை விடும்; மறுநாள் மன்றம் அதை வரவேற்கும். இயக்கம் எதையாவது கண்டித்தால் நாங்களும் தற்செயலாக அதையே கண்டிப்போம். லேப்டாப் என்னுடையது என்பதால் நான் துணைச் செயலாளர். இயக்கத்தின் அறிக்கை இரண்டு நாள் முன்பே பெரியப்பா கைக்கு வந்துவிடும். வரவேற்பை அடித்துத் தயாராக வைத்திருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, 'நேற்றைய போர்நிறுத்த அறிவிப்பை வரவேற்கிறோம்' என்று எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பிவிட்டேன். இயக்கம் புதன்கிழமைதான் போரை நிறுத்தியது.

வியாழன் காலை இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, அவங்க புதன்கிழமை சொன்னதை நீங்க செவ்வாய்க்கிழமையே வரவேத்திருக்கீங்களே?"

"மக்கள் மனசு எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் சார்," என்றார் பெரியப்பா.

"அப்படியா? அடுத்த வாரம் என்ன நினைப்பாங்கன்னும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்பந்தமில்லை என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மன்றத்துக்குப் பூட்டு, பெரியப்பாவுக்குச் சிறை என்று கெடு வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் போனார்.

"பூட்டுறதைப் பூட்டட்டும்," என்றாள் பெரியம்மா. "உங்களுக்கு நேரத்துக்கு பிரஷர் மாத்திரை உள்ள யாரு எடுத்துக் குடுப்பா?"

பெரியப்பா போனை எடுத்தார். "அண்ணே, எங்களைத் தெரியவே தெரியாதுன்னு நீங்க ஒரு அறிக்கை விடணும். நாலு மணிக்கு விட்டாப் போதும்."

அந்தப் பக்கம் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். வாசகத்தை மட்டும் எங்களையே எழுதித் தரச் சொன்னார்கள். 'அந்த மன்றம் யாரென்றே எங்களுக்குத் தெரியாது' என்று அடித்து அவர்களுக்கு அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு வருடப் பழக்கம், கை கேட்கவில்லை.

மூன்றரைக்கே இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கையில் எங்கள் லெட்டர்பேட் தாள்.

"'எங்களைத் தெரியாது என்ற இயக்கத்தின் அறிவிப்பை மன்றம் மனதார வரவேற்கிறது,'" என்று உரக்கப் படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, அவங்க இன்னும் சொல்லவே இல்லையேப்பா."

பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பெரியம்மா மாத்திரை அட்டையை அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

ஜீப்பில் ஏறும்போது அவர் திரும்பிச் சொன்னார்: "கைதைக் கண்டிச்சு ஒரு அறிக்கை அடிச்சிருடா. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி, நான் ஸ்டேஷன் வரைக்குமாவது போய்ச் சேந்துக்கிறேன்."