கோட்டுக்கு இந்தப் பக்கம்

மேவிஸ் தோர்ப்புக்குக் கோப்பை மேல் எல்லாம் ஆசை கிடையாது. ஒரே ஒரு கார்ப் பந்தயத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொடுப்பினை இதுவரை வாய்க்கவில்லை. ஒரு முறை அச்சு முறிந்தது. இன்னொரு முறை பின்சக்கரம் கழன்று, அவளையே முந்திக்கொண்டு போய் வைக்கோல் கட்டின் மேல் சாய்ந்தது. மோட்டார் பத்திரிகையில் அவள் பெயர் வரும். ஆனால் 'பாதியில் நின்றவை' என்பதற்குக் கீழேதான் வரும்.

லிங்கன்ஷயரில், போர் முடிந்து குண்டு விமானங்கள் போனபின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஓடுபாதையில் அன்று பத்துச் சுற்றுப் பந்தயம். சாம்பியன்ஷிப் கணக்கில் சேராதது. பெரிய ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காற்று மட்டும் காதைப் பிய்த்தது. மேவிஸின் கணவன் வில்ஃப், தபால் ஆபீஸ் குமாஸ்தா, பிளாஸ்கில் தேநீரோடும் கையில் சுற்றை எழுதிக் காட்டும் சிலேட்டுப் பலகையோடும் ஓரத்தில் நின்றான்.

"நிதானமா ஓட்டு. நாம வீட்டுக்குப் போறதும் இதே வண்டியிலதான்."

"நின்னுபோச்சுன்னா நீ தள்ளிக்கிட்டு வா. சாப்பிட்டது செரிக்கும்."

எட்டுச் சுற்று வண்டி சமர்த்தாக ஓடியது. ஒன்பதாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் எஞ்சினுக்குள் இரும்பு உடையும் சத்தம். பிறகு ஒரே புகை. உருண்டு வந்த வண்டி, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஓரமாக நின்றது.

வில்ஃப் ஓடி வந்தான். "போச்சா?"

"போச்சு." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் டயரை ஓர் உதை விட்டாள். அப்போதுதான் கோடு கண்ணில் பட்டது.

பந்தய விதிப்படி, முதலில் வருகிறவனுக்குக் கொடி விழுந்த பிறகு கோட்டைத் தாண்டுகிற வண்டி எதுவானாலும் முடித்த கணக்குதான். அதனால் அங்கேயே காத்திருந்து, பிறகு தள்ளலாம். ஆனால் ஓட்டியவரே தள்ள வேண்டும். வேறொருவர் விரல் பட்டால் பெயர் அடிபட்டுப் போகும்.

அவள் வண்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். பச்சை வண்டி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. கட்டம்போட்ட கொடி விழுந்தது. மேவிஸ் குதித்திறங்கி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி நகர்ந்தது. ஆனால் அந்த இடம் கொஞ்சம் மேடு, எதிர்க்காற்று வேறு. வில்ஃப் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"விடாதே, மேவிஸ். இன்னும் கொஞ்சந்தான்."

"பேசாம வா. உன்னைப் பார்த்தா சிரிப்பு வருது. சிரிச்சா கை வழுக்குது."

வேலியோரம் நின்றிருந்த மேஜர் பெட்டிஃபருக்கு இது பொறுக்கவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி வண்டி தள்ள, ஆண்கள் வேடிக்கை பார்ப்பதா! தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"தோர்ப்! வெக்கமா இல்ல உனக்கு? நகரு, நான் தள்ளுறேன்!"

போரில் அவருக்குக் கீழே எழுத்து வேலை பார்த்தவன் வில்ஃப். ஐந்து வருஷம் 'சரி சார்' தவிர வேறு சொன்னதில்லை. மேஜரின் கை பின்பக்கத் தகட்டை நெருங்கியது.

"தொடாதய்யா! கையை எடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கத்திய வில்ஃபுக்கே தூக்கிவாரிப் போட்டது. மேஜர் கையைச் சுட்டுக்கொண்டவர்போல் பின்வாங்கினார்.

"நீங்க தொட்டா அவ பேரை அடிச்சிடுவாங்க, சார்," என்றான், குரல் இறங்கி.

"அடடா! மன்னிச்சுக்கோ, தோர்ப். மன்னிச்சுக்கோம்மா." உதவ வந்த இன்னும் நாலு கனவான்களைப் பார்த்து அவர் உடனே திரும்பினார். "யாரும் கிட்ட வராதீங்க! அந்தம்மா தள்ளட்டும்!"

முன்சக்கரம் கோட்டில் ஏறியது. பின்சக்கரமும் தாண்டியது. கொடிக்காரர் கொடியை அசைத்தார். மேவிஸ் அப்படியே தார்த்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி முடிவுகளைச் சொன்னது. "...பதினொன்றாவதும் கடைசியும், திருமதி மேவிஸ் தோர்ப்."

அவள் பொலபொலவென்று அழுதாள். வில்ஃப் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னம்மா இது? கடைசியா வந்ததுக்கு அழுவாங்களா?"

"போடா மக்கு," என்றாள், மூக்கை அவன் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே. "நான் இதுவரைக்கும் கடைசியாகூட வந்ததில்லையே!"