தலைவர் சம்பளம்: இல்லை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்தச் சங்கம் அளந்ததை வண்டியின் முதுகிலேயே எழுதி வைத்தது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வண்டி, ஒரு டிரைவர், ஐந்தாறு உறுப்பினர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் காசு வாங்காமல் மயானம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அலுவலகம் கிடையாது, அறிக்கை ஒட்டச் சுவரும் கிடையாது. ஆகவே தலைவர் யோசித்தார். நெரிசலில் வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு வேறென்ன வேலை, படிக்கட்டுமே! ஆண்டுக்கு ஒருமுறை பெயிண்டரை வரவழைத்து, பழையதை அழித்து, பின்கதவில் வரவு, டீசல், டயர், டிரைவர் சம்பளம் என்று வரிசையாக எழுத வைத்தார். இந்த ஆண்டு அடியில் சிவப்புப் பெயிண்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ‘தலைவர் சம்பளம்: இல்லை.’

அந்த வரி காய்ந்த அன்று அவருக்குச் சுகமான தூக்கம். இனிமேல் எவன் வாயைத் திறப்பான்?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“தலைவரே, சிக்னல்ல ஒருத்தன் பைக்கை நிறுத்திட்டுப் படிச்சான்” என்றார் டிரைவர். “டீசலைப் படிச்சான், டயரைப் படிச்சான், சும்மா இருந்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரிச்சுட்டான்.”

“எதுக்கு?”

“தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு கேட்டான். நான் என்னத்தைச் சொல்ல? பின்னாடி படுத்திருந்தவரும் ஒண்ணும் சொல்லல.”

மாதாமாதம் நன்கொடை கொடுத்தவர்கள் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றார்கள். அதே நேரம் பார்த்து எஞ்சினும் கைவிட்டது. போன மாதம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுபோய், இறந்தவரின் மாப்பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இன்னொரு முறை நின்றால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

மர டிப்போ முதலாளியிடம் ஒரு நல்ல எஞ்சின் இருந்தது. கதவின் உச்சியில் கொட்டை எழுத்தில் தன் பெயரைப் போட்டால் சங்கத்துக்கே தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். கதவைப் பார்க்க ஒருநாள் நேரிலேயே வந்தார். பலகையின் நீளத்தைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, சிவப்பு வரியில் நின்றார்.

“எல்லாம் சரி, தலைவரே. இதுதான் இடிக்குது. வேற வேலை ஏதாவது பாக்கறீங்களா?”

“இல்லைங்க. முழு நேரமும் இதுதான்.”

“சொத்து கித்து?”

“அப்படி ஒண்ணும்…”

“அப்ப எப்படிச் சாப்பிடறீங்க?”

“அது பாட்டுக்கு நடக்குதுங்க.”

“நடக்குதுன்னா? தப்பா நினைக்காதீங்க. வாங்கறவர்னா எவ்வளவு வாங்கறார்னு தெரியும். வாங்கலைன்னா எதை நம்பறதுன்னே தெரியல. இந்த வரியைப் புரியற மாதிரி எழுதுங்க, அன்னைக்கே எஞ்சினை எடுத்துக்கலாம்.”

உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் கேட்டார் தலைவர். “ஏதாவது ஒரு தொகையைப் போட்டுடுங்க” என்றார்கள்.

“வாங்காததை வாங்கினேன்னு எழுதறதா?”

“அதைத்தான் நம்புவாங்க.”

அவருக்குத் தலை சுற்றியது. உண்மையை எழுதினால் பொய் என்கிறார்கள்; பொய்யை எழுதினால் உண்மை என்பார்களாம். நிஜமாகவே சம்பளம் வாங்கிவிடலாம் என்றால், வாங்காதவர் என்பதற்காகவே கொடுக்கிற நாலு பேரும் போய்விடுவார்கள். இடியாப்பச் சிக்கல். எந்த நுனியைப் பிடித்தாலும் நடுவில்தான் போய் நின்றது.

வீட்டின் முன்னறைதான் மனைவியின் தையல் கடை. பள்ளிச் சீருடைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

“எப்படிச் சாப்பிடறீங்கன்னு கேட்டாரா? நீங்க என்ன சொன்னீங்க?”

“அது பாட்டுக்கு நடக்குதுன்னேன்.”

மெஷினில் இருந்து அவள் கால் இறங்கியது.

“அது பாட்டுக்கா? வாடகை அது பாட்டுக்குப் போகுதா? உங்க போனுக்கு யாருங்க காசு கட்டறா? போட்டிருக்கீங்களே சட்டை, அது என்ன மரத்துல காய்ச்சுதா?”

“நான் அந்த அர்த்தத்துல சொல்லல…”

“சம்பளம் இல்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குக் குடுத்துட்டிருக்கேன்?”

தலைவர் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். இத்தனை நாளும் தான் கொடுக்கிறவன் என்றுதான் நினைத்திருந்தார்.

“அப்ப… நான் வாங்கறேனா?” கேலியாக இல்லை, தெரியாமல்தான் கேட்டார்.

“அதையும் நான்தான் சொல்லணுமா?” மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலை பெயிண்டர் வந்தார். தலைவர் ஒன்றைச் சொல்வதும், “வேண்டாம், இரு” என்பதுமாக இருந்தார். கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு மனைவி வந்து சேர்ந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து, சிவப்பு வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: ‘தலைவர் வீட்டுச் செலவு: மனைவியின் தையல் கடை.’

பெயிண்டர் பிரஷைத் தோய்த்தவர் அப்படியே நின்றார். “அக்கா, இதை வரவுல போடறதா, செலவுல போடறதா?”

அவள் தலைவரைப் பார்த்தாள். தலைவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அவசர வேலை இருப்பதுபோல் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

“எங்க இடம் இருக்கோ அங்க போடுப்பா” என்றார் தலைவர்.

சாயங்காலம் முதலாளி வந்து அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பினார்.

“சங்கத்துல உங்களுக்கு என்ன பொறுப்பும்மா?”

“ஒண்ணும் இல்லைங்க.”

“உறுப்பினரா?”

“இல்லைங்க. துணி தைக்கறேன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிதான். ஆளை அனுப்பி எஞ்சினை எடுத்துக்குங்க. எஞ்சின் கொடுத்தவர்னு மேலே கொட்டையா என் பேரைப் போடச் சொல்லியிருந்தேன்ல? அதை இந்த வரிக்குக் கீழே போட்டாப் போதும்.”

புது எஞ்சின் மேம்பாலத்தை முனகாமல் ஏறியது. சிக்னலில் இப்போது யாரும் சிரிப்பதில்லை, கடை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள் என்றார் டிரைவர். நன்கொடை கூடுமா என்று இன்னும் தெரியவில்லை. சீருடைக் குவியல் மட்டும் கூடியிருந்தது.

தலைவருக்குத்தான் தெளியவில்லை. முன்னறையில் வந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, நிஜமாச் சொல்லு. அது வரவா, செலவா?”

அவள் பட்டன் டப்பாவையும் ஒரு சட்டையையும் அவர் பக்கம் தள்ளினாள். “முதல்ல இதுல நாலு பட்டனைத் தைங்க. அப்புறம் பேசலாம்.”

அவர் ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். நூலை நாக்கில் நனைத்து நீட்டினார். அது ஊசியின் காதுக்கு இந்தப் பக்கம் ஒருமுறை போனது, அந்தப் பக்கம் ஒருமுறை போனது.